தேய்ந்த மலையை எதைக் கொண்டு அளப்பது? அரிப்பு வரலாற்றை மீட்டெடுக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

ஒரு மலைத்தொடரின் பழைய நிலத்தோற்றத்தை ஆராய்வோருக்கு முதலில் எதிர்ப்படும் சிக்கல், ஆராயப்படும் பொருளே அங்கே இல்லை என்பதாகும். ஒரு காலத்தில் சிகரமாக நின்ற பாறையை ஆறுகள் எப்போதோ கரைத்துக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிட்டன. எஞ்சியிருப்பவை மறைமுகச் சான்றுகள் மட்டுமே. அடியிலிருந்து மேலே வந்த பாறை தான் குளிர்ந்த விதத்தை நினைவில் வைத்திருக்கிறது. ஆற்று மணல் அண்டக்கதிர்களின் தடத்தைச் சுமக்கிறது. அடிவாரப் படுகைகளிலும் கடலடியிலும் வண்டல் அடுக்குகள் கிடக்கின்றன. பழைய ஏரிகளின் சுண்ணப் படிவுகளும் இலைப் புதைபடிவங்களும் அக்கால மழையையும் வெப்பத்தையும் பற்றிப் பேசுகின்றன. இன்றைய ஆறுகளின் நெடுக்கு வடிவமே ஒரு சான்றாகிறது. இவை ஒவ்வொன்றையும் படிக்கத் தனித்தனி முறை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவும் தனி ஆய்வகமும் வேண்டும். ஆகவே ஓர் ஆய்வுத் திட்டத்தை வரைபவர் எல்லாவற்றையும் ஒருசேரச் செய்ய இயலாது. எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். அந்த முடிவுக்கு உதவும் வகையில் இம்முறைகளை எதிரெதிர் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வு தவறிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் கருவி அல்ல, கேள்விதான். மலை எவ்வளவு உயரமாக இருந்தது, அதன்மேல் எவ்வளவு பாறை கரைந்து போயிற்று, பள்ளத்தாக்குகளுக்கும் முகடுகளுக்கும் இடையிலான உயர வேறுபாடு எப்போது உருவாயிற்று என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். புவி இயற்பியலாளர்கள் பிலிப் இங்கிலாந்தும் பீட்டர் மோல்னாரும் 1990-இல் இந்த வேறுபாட்டைக் கறாராக வரையறுத்தார்கள்: பாறை மேலே எழுந்த அளவிலிருந்து, அரிப்பால் நீங்கிய அளவைக் கழித்தால் கிடைப்பதே தரையின் உயர்வு. பாறை 5 கி.மீ. எழுந்து, அதே 5 கி.மீ. அரிக்கப்பட்டிருந்தால், தரை ஒரு மீட்டர்கூட உயர்ந்திருக்காது. இதற்கு மேல் மிதவைச் சமநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். புவியோட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம் என்றும், அதைத் தாங்கும் மேன்டிலின் அடர்த்தி சுமார் 3.3 கிராம் என்றும் கொண்டால், 1 கி.மீ. பாறை நீங்கும்போது பாரம் குறைந்த நிலம் கீழிருந்து மேலெழுந்து ஈடுசெய்வதால், சராசரித் தரைமட்டம் ஏறத்தாழ 180 மீட்டர் மட்டுமே தாழும். பள்ளத்தாக்குகள் மட்டும் ஆழமாகக் குடையப்பட்டால், சராசரி உயரம் குறைந்துகொண்டிருக்கும்போதே சிகரங்கள் உயர்ந்துகொண்டே போவதும் நடக்கும்.

இதை நினைவில் கொண்டு பார்த்தால், கீழே வரும் முறைகளில் பெரும்பாலானவை நீங்கிய பாறையின் அளவையோ வேகத்தையோதான் தருகின்றன என்பது தெளிவாகும். உயரத்தைத் தரும் முறை ஒரே ஒரு குடும்பம். அதுவே எல்லாவற்றிலும் நிச்சயம் குறைந்தது.

பாறையின் குளிர்ச்சியைப் படிக்கும் முறைகள்

மலையரிப்பு ஆய்வுகளில் மிகுதியும் கையாளப்படுவது வெப்பக்காலக் கணிப்பு. பூமிக்குள் ஆழம் கூடக்கூட வெப்பம் கூடுகிறது. மேலேயுள்ள பாறை அரிக்கப்பட, கீழேயுள்ளது மேற்பரப்பை நெருங்கி, குளிர்கிறது. சில கனிமங்கள் மூடல் வெப்பநிலை எனப்படும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வந்தபின்தான் தம்முள் நடக்கும் கதிரியக்கச் சிதைவின் விளைவைச் சேமிக்கத் தொடங்குகின்றன. அந்தச் சேமிப்பை அளந்தால், பாறை அந்த வெப்பநிலையைக் கடந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது கிடைக்கும். இதற்கு அதிகம் பயன்படும் கனிமம் அபடைட். அதில் இரண்டு கடிகாரங்கள் உள்ளன. எதைத் தேர்வது என்பதே பல ஆய்வுகளின் முதல் விவாதம்.

முதலாவது பிளவுத்தட முறை. யுரேனியம்-238 அணு தானாகப் பிளக்கும்போது படிகத்துக்குள் சுமார் 16 மைக்ரோமீட்டர் நீளத்துக்கு ஒரு சிதைவுத் தடம் உருவாகிறது. வெப்பநிலை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால் தடம் முழுதும் மறைந்துவிடும்; 60 பாகைக்குக் கீழே அது நிலைத்துவிடும்; இடைப்பட்ட பகுதியில் மெல்ல மெல்லக் குறுகும். அதனால் தடங்களின் எண்ணிக்கை வயதைத் தருவது போலவே, அவற்றின் நீளப் பரவல் பாறை குளிர்ந்த விதத்தைத் தருகிறது. எல்லாத் தடங்களும் நீளமாக இருந்தால் பாறை விரைவாக மேலே வந்தது எனலாம். நீளமும் குட்டையுமாகக் கலந்திருந்தால் இடைவெப்பத்தில் நெடுங்காலம் தங்கியது எனலாம். வேறெந்தக் கடிகாரமும் ஒரே மாதிரியிலிருந்து இவ்வளவு கதையைச் சொல்வதில்லை என்பதால் இம்முறைக்கு நான் கூடுதல் மதிப்பளிக்கிறேன்.

இரண்டாவது ஹீலியம் முறை. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஹீலியம், சுமார் 70 பாகைக்குக் கீழேதான் அபடைட்டுக்குள் தங்குகிறது. ஆழத்துக்கேற்ப வெப்பம் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை வரை ஏறுமானால், இது மேற்பரப்பிலிருந்து 2 முதல் 3 கி.மீ. ஆழத்தைக் குறிக்கும். பிளவுத்தட முறை 3 முதல் 4 கி.மீ. ஆழத்திலிருந்து கதையைத் தொடங்குகிறது; ஹீலியம் முறை அதன் பிற்பகுதியைச் சொல்கிறது. மேற்பரப்புக்கு அருகிலுள்ள வெப்பக்கோடுகள் முகடுகளையும் பள்ளத்தாக்குகளையும் ஓரளவு பின்பற்றி வளைவதால், பழைய மேடுபள்ளங்களைக் கண்டறியவும் ஹீலியமே ஏற்றது. 1998-இல் வெளிவந்த கலிபோர்னியாவின் சியரா நெவாடா ஆய்வு இதற்கு நல்ல சான்று. மலையின் நீள்வாக்கில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலேயே மாதிரிகளை எடுத்தபோது, பெரும் பள்ளத்தாக்குகளை ஒட்டியவை அதிக வயதையும், இடைமேடுகளைச் சேர்ந்தவை குறைந்த வயதையும் காட்டின. சான் ஹோக்கின், கிங்ஸ் ஆறுகளின் பள்ளத்தாக்குகள் 7 முதல் 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆழமாக இருந்தன என்று அதிலிருந்து முடிவு செய்யப்பட்டது.

ஆனால் ஹீலியம் முறையின் குறைகள் நடைமுறையில் தலைவலியாகக் கூடியவை. படிகத்தின் விளிம்பிலிருந்து சுமார் 20 மைக்ரோமீட்டர் வரையிலுள்ள அணுக்களின் ஹீலியம் வெளியே பாய்ந்துவிடுவதால் படிக அளவுக்கேற்பத் திருத்தம் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத, யுரேனியம் மிகுந்த சிர்க்கான் கனிமத் துகள் உள்ளே ஒளிந்திருந்தால் வயது ஏறிவிடும். கதிரியக்கச் சேதம் மிகுந்த படிகம் ஹீலியத்தை அதிக வெப்பத்திலும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் ஒரே பாறையிலிருந்து எடுத்த சில படிகங்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்ட வயதைத் தருவதுண்டு. இளமையான, வேகமாக எழும் மலைகளில் இந்தச் சிதறல் சிறியது. மெதுவாகக் குளிர்ந்த பழைய மலைகளில் அது தேடும் செய்தியையே மறைக்கக்கூடும்.

ஒரே முறை, ஒரே இடம், இரண்டு கதைகள் என்பதற்கு அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் விவாதம் எடுத்துக்காட்டு. அபடைட் ஹீலியம் தரவுகளைக் கொண்டு, பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இன்றைய ஆழத்தை நெருங்கிவிட்டது என்று 2012-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. 2014-இல் வந்த மற்றோர் ஆய்வு, பழைய பள்ளத்தாக்குத் துண்டுகள் இருந்ததை ஒப்புக்கொண்டாலும், அவற்றை ஒன்றிணைத்து இன்றைய கேன்யனை உருவாக்கியது கடந்த 50 முதல் 60 லட்சம் ஆண்டுகளில்தான் என்றது. பள்ளத்தாக்கின் மேற்கு வாயிலில் உள்ள வண்டல் அடுக்குகளில், ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை கொலராடோ ஆற்றின் வண்டல் காணப்படவில்லை என்ற களச்சான்று இரண்டாம் கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. வெப்பக் கணிப்பை அருகிலுள்ள வண்டலோடு ஒத்துப்பார்க்காத எந்த முடிவையும் நான் பாதி முடிவாகவே கொள்வேன்.

மற்றொரு பலவீனம் எல்லா வெப்பக் கணிப்புகளுக்கும் பொதுவானது: அவை அளப்பது வெப்பநிலையை, ஆழத்தை அல்ல. மேற்பரப்பு வெப்பம் 10 பாகை, மாதிரி கடந்த வெப்பநிலை 110 பாகை என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 20 பாகை ஏற்றம் என்று கொண்டால் நீங்கிய பாறை 5 கி.மீ.; 30 பாகை என்று கொண்டால் 3.3 கி.மீ. மட்டுமே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் எவ்வளவாக இருந்தது என்பதை நேரடியாக அளக்க வழியில்லை. இந்தச் சிக்கலிலிருந்து பெரிதும் விடுபடச் செங்குத்து மாதிரி வரிசை உதவுகிறது. ஒரே சரிவில் அடிவாரம் முதல் உச்சி வரை மாதிரிகளை எடுத்து, வயதை உயரத்தோடு ஒப்பிட்டால், அந்தக் கோட்டின் சாய்விலிருந்தே அரிப்பு வேகம் கிடைத்துவிடும். அலாஸ்காவின் தெனாலி மலையில் இப்படி எடுத்த வரிசையில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் சாய்வு சட்டென மாறுகிறது. ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மலை வேகமாக எழத் தொடங்கியதை அந்த முறிவு காட்டுகிறது. மாதிரிகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும் திட்டத்தில், அவற்றை மலை முழுதும் தூவிவிடுவதைவிட ஒரே செங்குத்துச் சரிவில் குவிப்பதே மேல்.

பல இடங்களின் தரவைச் சேர்த்துப் பெரிய முடிவு காண விரும்புவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. உலக மலைகளின் வெப்பக் கணிப்பு வயதுகளைத் திரட்டி, கடந்த 60 லட்சம் ஆண்டுகளில், குறிப்பாகக் கடைசி 20 லட்சம் ஆண்டுகளில், அரிப்பு உலகெங்கும் வேகமெடுத்தது, அதற்குக் காலநிலை குளிர்ந்ததே காரணம் என்று 2013-இல் ஒரு குழு அறிவித்தது. 2018-இல் மற்றொரு குழு அதே தரவை மீண்டும் ஆராய்ந்து, வெவ்வேறு வேகத்தில் எழும் பகுதிகளை ஒன்றாகக் கலந்ததால்தான் பல இடங்களில் அந்த வேகமேற்றம் தோன்றியது என்று காட்டியது. நிலப்பிளவுக் கோட்டின் இருபுறமும் உள்ள மாதிரிகளை ஒரே வரலாறு கொண்டவை என எடுத்துக்கொண்டால் எந்த மென்பொருளும் பொய்யான வரலாற்றைத்தான் தரும்.

ஆற்று மணலில் பெரிலியம்

அண்டக்கதிர்கள் மணலில் மிகுந்த குவார்ட்ஸ் கனிமத்தில் உள்ள ஆக்சிஜன் அணுக்களைத் தாக்கும்போது பெரிலியம்-10 உருவாகிறது. கடல்மட்டத்தில், உயர் அட்சரேகைகளில் இது ஒரு கிராம் குவார்ட்ஸுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 அணுக்கள் என்ற அளவில்தான் நடக்கும். உயரம் கூடினால் வீதமும் கூடும். பாறைக்குள் சுமார் 60 செ.மீ. இறங்குவதற்குள் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான அளவாகக் குறைந்துவிடுகிறது. எனவே மெதுவாக அரியும் நிலத்தில் மேற்பரப்பை அடையும் மணல்துகள் நிறைய பெரிலியத்தைச் சேர்த்திருக்கும். வேகமாக அரியும் நிலத்தில் கொஞ்சமே சேர்த்திருக்கும். ஆற்றின் ஒரு வளைவில் அள்ளிய மணல், அதற்கு மேலேயுள்ள முழு நீர்ப்பிடிப்பின் சராசரி அரிப்பு வேகத்தைத் தந்துவிடுகிறது. களவேலை எளிதானது; ஒரு நாளில் பல கிளையாறுகளில் மணல் எடுக்கலாம். கடினமும் செலவும் ஆய்வகத்தில்தான்: மணலிலிருந்து தூய குவார்ட்ஸைப் பிரித்து, பெரிலியத்தை வேதிமுறையில் எடுத்து, முடுக்கியோடு இணைந்த நிறைமாலைமானியில் எண்ண வேண்டும். அத்தகைய முடுக்கிகள் உலகில் குறைவு. வரிசையில் காத்திருக்க நேரும்.

இம்முறை எவ்வளவு காலத்தின் சராசரி என்பது அரிப்பு வேகத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு 1 மி.மீ. அரியும் இடத்தில் 60 செ.மீ. நீங்க 600 ஆண்டுகள் போதும், ஆண்டுக்கு 0.06 மி.மீ. என்றால் 10,000 ஆண்டுகள். அதாவது வெப்பக் கணிப்பு எட்டாத அண்மைக் காலத்தை இது எட்டுகிறது. ஆற்றில் வண்டல் அளக்கும் நிலையங்கள் எட்டாத நீண்ட சராசரியையும் தருகிறது. இந்த இரண்டாவது பயன் எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் 32 நீர்ப்பிடிப்புகளில் நடந்து, 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெரிலியம் தந்த நீண்டகால வேகம், பல பத்தாண்டுகள் வண்டலை அளந்து பெற்ற வேகத்தைவிடச் சராசரியாக 17 மடங்கு அதிகமாக இருந்தது. மலையிலிருந்து இறங்கும் மண்ணின் பெரும்பகுதி அரிதாக வரும் பெருவெள்ளங்களிலும் நிலச்சரிவுகளிலும் வருகிறது. சில பத்தாண்டு அளவீட்டில் அந்த நிகழ்வு ஒன்றுகூட அகப்படாமல் போகலாம். அணைகளின் ஆயுளைக் கணிப்போருக்கு இதைவிட முக்கியமான எண் கிடைப்பது அரிது.

எதிர்ப்பக்கத்தில் அப்பலேச்சியன் தொடரின் கிரேட் ஸ்மோக்கி மலைகள் உள்ளன. அங்கே பெரிலியம் தரும் வேகம் பத்து லட்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மீட்டர். வெப்பக் கணிப்பு தரும் கோடிக்கணக்கான ஆண்டுகளின் சராசரியும் ஏறத்தாழ அதுவே. இப்படி இரண்டு கால அளவுகளும் ஒத்துப்போகும் மலை நெடுங்காலமாக ஒரே சீராகத் தேய்ந்துவந்திருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. ஒத்துப்போகாவிட்டால் இடையில் ஏதோ மாறியிருக்கிறது. ஆய்வின் சுவையான பகுதி பெரும்பாலும் அந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

பெரிலியம் எங்கே வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். குவார்ட்ஸ் இல்லாத பசால்ட் எரிமலைப் பாறை, சுண்ணாம்புப் பாறை நிலங்களில் இந்த வடிவில் அது பயன்படாது. நிலச்சரிவு மிகுந்த சிறு நீர்ப்பிடிப்பில், ஆழத்திலிருந்து கதிர் படாத மண் ஒரேயடியாக வந்து கலந்து, வேகத்தை மிகைப்படுத்திவிடும். பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில் பாறை பனிக்கு அடியில் கதிரிலிருந்து மறைந்திருந்ததால் கணக்கு குலையும்.

பெரிலியத்தின் மற்றொரு வடிவம் குகைகளுக்குள் உள்ளது. ஆறு தன் பள்ளத்தாக்கை ஆழப்படுத்தும்போது, முன்பு ஆற்றுமட்டத்தில் இருந்த சுண்ணாம்புக் குகைகள் உயரத்தில் வறண்டு விடப்படுகின்றன. அவற்றுக்குள் ஆறு விட்டுச்சென்ற குவார்ட்ஸ் மணல், கதிர் படாமல் புதைந்து கிடக்கிறது. அதிலுள்ள அலுமினியம்-26, பெரிலியம்-10-ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் சிதைவதால், இரண்டின் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். சுமார் 50 லட்சம் ஆண்டுகள் வரை இது எட்டும். சியரா நெவாடாவில் கிங்ஸ் ஆற்றுக் குகைகளில் இதைச் செய்தபோது, 27 முதல் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆறு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.2 மி.மீ. வேகத்தில் குடைந்து, பின்னர் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வேகம் தணிந்தது தெரியவந்தது. வெப்பக் கணிப்புக்கும் மணல் முறைக்கும் இடையே விழும் கால இடைவெளியை நிரப்ப இதைவிடச் சிறந்த வழி இல்லை. குகைகள் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

ஆறுகளின் வடிவமும் வண்டலின் அடுக்கும்

செலவே இல்லாமல் தொடங்கக்கூடியது ஆற்று நெடுக்குவெட்டு ஆய்வு. 2000 பிப்ரவரியில் விண்கலம் ஒன்றிலிருந்து ரேடார் மூலம் 11 நாட்களில் எடுக்கப்பட்ட உயரத் தரவு, சுமார் 30 மீட்டர் நுணுக்கத்தில் உலகின் பெரும்பகுதிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. நிலம் வேகமாக எழும்போது ஆற்றின் கீழ்ப்பகுதி செங்குத்தாகி, அந்த மாற்றம் சரிவு முறிவாக மேல்நோக்கி நகர்கிறது. முறிவுகளின் இருப்பிடத்திலிருந்து எழுச்சியின் வரலாற்றைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். ஆனால் கிடைப்பது ஒப்பீட்டு வரலாறு மட்டுமே. பாறை எவ்வளவு எளிதில் அரியும் என்ற எண் தெரியாமல், எழுச்சி எப்போது நடந்தது என்று ஆண்டுக் கணக்கில் சொல்ல முடியாது. கடினப் பாறை உண்டாக்கும் முறிவையும் எழுச்சி உண்டாக்கும் முறிவையும் கணினித் திரையில் பிரித்தறிவது எளிதன்று. ஓர் ஆறு இன்னோர் ஆற்றின் தலைப்பகுதியைப் பறித்துக்கொண்டிருந்தால் இரண்டின் வடிவமும் நம்மைத் திசைதிருப்பும். எனவே இதை முடிவாக எடுக்கக் கூடாது, ஆனால் எப்போதும் முதலில் செய்ய வேண்டும்: மணலை எந்தக் கிளையாற்றில் எடுப்பது, பாறையை எந்தச் சரிவில் எடுப்பது என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

வண்டலுக்கு வேறெந்தச் சான்றுக்கும் இல்லாத ஒரு தகுதி உண்டு: மலையில் முற்றிலும் அழிந்துபோன மேல்பகுதி இன்றும் இருப்பது அதில் மட்டும்தான். அடுக்கிய மூட்டைகளை மேலிருந்து எடுத்து வேறிடத்தில் அடுக்கினால் வரிசை தலைகீழாவதைப் போல, மலையின் உச்சிப் பாறை படுகையின் அடியிலும், ஆழப் பாறை படுகையின் மேலும் கிடக்கும். ஒரு மணல்துகள் மூடல் வெப்பநிலையைக் கடந்த காலத்துக்கும் அது படிந்த காலத்துக்கும் உள்ள இடைவெளி குறுகக் குறுக, அரிப்பு வேகமெடுத்தது எனலாம். அது மாறாதிருந்தால் மலை ஒரே சீராகத் தேய்ந்தது எனலாம். இமயத்தின் வண்டல் கடலடியில் விசிறிபோல் பரந்து சேர்ந்த வங்காள விசிறி ஏறத்தாழ 3,000 கி.மீ. நீளமுள்ளது, 2015-இல் நடந்த பன்னாட்டுத் துளையிடல் பயணம் வட அட்சரேகை 8 பாகையை ஒட்டி 7 இடங்களில் அதைத் துளைத்தது. இத்தகைய ஆவணம் நிலத்தில் எங்கும் கிடைக்காது.

ஆனால் வண்டலின் பருமனை மட்டும் கொண்டு வேகம் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. குறுகிய கால அடுக்குகளில் அளந்த படிவு வேகம், நீண்ட கால அடுக்குகளில் அளந்ததைவிட எப்போதும் அதிகமாகவே தெரியும். ஏனெனில் நீண்ட காலத்தில் படிவு நின்றுபோன இடைவெளிகளும் அரிப்புகளும் கலந்திருக்கும். புவியியலாளர் பீட்டர் சாட்லர் 1981-இல் இதைப் பெரும் தரவைத் திரட்டிக் காட்டினார். கடந்த 20 முதல் 40 லட்சம் ஆண்டுகளில் உலகெங்கும் வண்டல் படிவு கூடியது என்ற கருத்து இதனால்தான் இன்னும் விவாதத்தில் உள்ளது. கடல் படிவுகளில் அண்டக்கதிரால் உருவாகும் பெரிலியம்-10-க்கும் அரிந்த பாறையிலிருந்து வரும் பெரிலியம்-9-க்கும் உள்ள விகிதம் கடந்த 1.2 கோடி ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை என்று 2010-இல் வந்த ஆய்வு அக்கருத்தை நேரடியாக மறுத்தது.

உயரம் வேண்டுமென்றால்

பழைய உயரத்தைச் சொல்லும் முறைகளில் முதன்மையானது ஆக்சிஜன் ஐசோடோப்பு. மேகம் மலையேறும்போது கனமான ஆக்சிஜன் முதலில் மழையாகக் கொட்டிவிடுவதால், ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் மழைநீரில் அதன் விகிதம் ஆயிரத்தில் சுமார் 2.8 பங்கு குறைகிறது. பழைய ஏரிச் சுண்ணத்திலோ மண்ணிலோ பதிந்த அந்த விகிதம் அக்கால உயரத்தைக் குறிக்கும். மற்றொன்று இலை வடிவம்: இலைகளின் விளிம்பு, அளவு, நுனி ஆகியவற்றிலிருந்து காலநிலையைக் கணித்து, அதிலிருந்து உயரத்துக்குச் செல்வது. இரண்டிலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் முன்பின் பிழை இயல்பு.

திபெத்தில் இவ்விரண்டும் ஒத்துப்போனதும் உண்டு, மோதிக்கொண்டதும் உண்டு. தெற்குத் திபெத்தின் நாம்லிங் படுகையில் 1.5 கோடி ஆண்டுகள் பழைய இலைகள் ஏறத்தாழ 4.6 கி.மீ. உயரத்தைத் தந்தன, அதே படுகையின் ஐசோடோப்பு 5 கி.மீ.யைச் சற்றுத் தாண்டியது. நல்ல இசைவு. ஆனால் நடுத் திபெத்தின் லுன்போலா படுகையில், 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நிலம் 4 கி.மீ.க்கு மேல் இருந்தது என்று 2006-இல் ஐசோடோப்பு சொன்னது. 2019-இல் அதே படுகையில் கிடைத்த ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகள் பழைய பனையோலைப் புதைபடிவம், உறைபனி தாங்காத பனை அங்கே வளர்ந்திருக்க வேண்டுமானால் நிலம் 2.3 கி.மீ.க்கு மேல் இருந்திருக்க முடியாது என்றது. உயர்ந்த மலைகளுக்கிடையே தாழ்ந்த பள்ளத்தாக்கு இருந்திருந்தால் இரண்டும் உண்மையாகலாம்: ஏரியை நிரப்பிய நீர் உயரத்தில் பெய்தது; பனை பள்ளத்தில் நின்றது. இந்த முறைகள் ஒரு மலைத்தொடரின் உயரத்தைத் தரவில்லை, எந்தச் சான்று எந்த மட்டத்தில் உருவானதோ அந்த மட்டத்தைத் தருகின்றன என்பதே இதன் பொருள். ஆகவே சிறு திட்டத்தில் உயர அளவீட்டுக்குப் பணம் ஒதுக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; தகுந்த ஏரிப் படிவு கையிலேயே இருந்தால் அது வேறு.

எந்த மலைக்கு எது

இளமையான, வேகமாக எழும் தொடர் என்றால், ஒரு செங்குத்துச் சரிவில் அபடைட்டின் இரு கடிகாரங்களையும் ஒரே மாதிரிகளில் அளந்து, கிளையாறுகளில் பெரிலியத்தைச் சேர்த்துக்கொள்வதே போதுமான திட்டம். ஹீலியத்தின் சிதறல் இங்கே சிறியதாகவே இருக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை, தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் போன்ற, கண்டம் பிளந்த ஓரத்தில் நிற்கும் பழைய விளிம்புகளுக்குத் தேர்வு கடினம். அரிப்பு பத்து லட்சம் ஆண்டுக்கு 20 மீட்டர் என்றால் 2 கி.மீ. நீங்கப் பத்து கோடி ஆண்டுகள் தேவை. அப்படியானால் அங்குள்ள அபடைட் கண்டம் பிளந்த காலத்தைப் பற்றிப் பேசுமே தவிர, அண்மைக் கால மாற்றம் எதையும் சொல்லாது. அங்கே பிளவுத்தட நீளப் பரவலே முதன்மை. ஹீலியத்தைக் குறைத்து, சரிவின் மேலும் கீழும் பெரிலியத்தைக் கூட்டி, கடற்கரைக்கு அப்பாலுள்ள வண்டல் பருமனோடு ஒத்துப்பார்க்க வேண்டும். எண்ணெய் தேடும் நிறுவனங்கள் எடுத்த நில அதிர்வு வரைபடங்கள் கிடைக்குமானால், புதிதாகத் துளையிடாமலே இந்தக் கடைசிப் பகுதி கைகூடும்.

பசால்ட் அடுக்குகளால் ஆன மலையில் அபடைட்டும் குவார்ட்ஸும் அரிதாதலால், ஆற்று வடிவமும் வண்டலுமே மிஞ்சும். அடித்தளக் கிரானைட் எங்காவது வெளிப்பட்டிருந்தால் முழு முயற்சியையும் அங்கே செலுத்தலாம். பனியாறு குடைந்த தொடரில் குகைகளைத் தேட வேண்டும்.

எந்த நிலையிலும் களத்தில் ஒன்றைச் செய்வது நல்லது: பாறை மாதிரி எடுக்கும்போது ஆய்வுக்குத் தேவையான அளவை மட்டும் எடுக்காமல், ஓரிடத்தில் 3 முதல் 5 கிலோ வரை எடுத்து, இருப்பிடத்தையும் உயரத்தையும் துல்லியமாகக் குறித்து, பிரித்தெடுத்த சிர்க்கானையும் எஞ்சிய குவார்ட்ஸையும் வீசாமல் வைத்திருப்பது. முதல் முறை தந்த விடை ஐயத்துக்கு இடமாகும்போது, அதே மாதிரியில் இரண்டாவது கடிகாரத்தை இயக்கிப் பார்க்க அது வழிவிடும். மலைக்கு மீண்டும் ஒரு பயணத்துக்கு அனுமதியும் நிதியும் எளிதில் கிடைப்பதில்லை.